முதல் கால்வாய்ப் படகு: இங்கிலாந்தில் நேரோபோட் வாங்கப் போகிறவர்களுக்கு

நேரோபோட் என்பது இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும், உள்ளே குடியிருக்கக்கூடிய ஒடுங்கிய எஃகுப் படகு. பழைய நேரோபோட் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் நேராக உள்ளே நுழைகிறார். மர வேலைப்பாடு, விறகடுப்பு, வட்ட ஜன்னல், கட்டிலுக்கடியில் இழுப்பறை எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. விலை அங்கேயே மனதில் படிந்துவிடுகிறது. ஆனால் பின்னால் வரும் பெருஞ்செலவு உள்ளேயிருந்து வருவதில்லை. தண்ணீருக்கடியில் இருக்கும் தகட்டிலிருந்தும், படகைக் கட்ட இடம் கிடைக்காததிலிருந்தும்தான் வருகிறது. மரப்பலகையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அரித்துப்போன அடித்தகட்டை மாற்றப் போனால் படகின் விலையில் பாதி போய்விடும். அதனால் இங்கே கட்டுமிடத்தில் தொடங்கி, அளவு, என்ஜின், தகடு என்ற வரிசையில் போகிறோம். அலங்காரத்தைக் கடைசியில் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படகுக்கு முன்னால் கட்டுமிடம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிப்பது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பை 2012-இல் ஏற்றுக்கொண்ட அறக்கட்டளை அது. தேம்ஸ் போன்ற சில ஆறுகள் சுற்றுச்சூழல் முகமையின் கையில் இருக்கின்றன. அங்கே தனி உரிமம் வேண்டும். இரண்டிலும் அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு கோல்டு லைசென்ஸ் என்ற கூட்டு உரிமம் உண்டு.

டிரஸ்ட் உரிமம் தருவதற்கு மூன்று கேட்கும்: காப்பீடு, பாதுகாப்புச் சான்றிதழ், படகை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்ற பதில். புதியவர்கள் தடுமாறுவது மூன்றாவதில்தான். அதற்கு இரண்டே விடைகள் உண்டு. ஒன்று, நிரந்தரக் கட்டுமிடம். இதை மூரிங் என்பார்கள். மற்றொன்று, கட்டுமிடமே இல்லாமல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டிருப்பது.

இரண்டாவது வழி 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தில் இருக்கிறது. படகு உண்மையாகவே பயணத்துக்குப் பயன்பட வேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு, பதினைந்தாம் நாள் அடுத்த பாலம்வரை போய்த் திரும்பினால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏராளம். அது செல்லாது. ஓராண்டில் 15 முதல் 20 மைலுக்கும் குறைவான எல்லைக்குள்ளேயே சுற்றும் படகு இந்த நிபந்தனையை நிறைவு செய்ய வாய்ப்பில்லை என்பது டிரஸ்டின் நிலைப்பாடு. படகுகளின் இடத்தை அவர்கள் குறித்துக்கொண்டே வருகிறார்கள். உரிமம் புதுப்பிக்கும்போது அந்தக் குறிப்பு முன்னால் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, கட்டுமிடம் இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் கூடுதல் கட்டணமும் வந்துவிட்டது; அது ஆண்டுதோறும் ஏறும்படி வகுக்கப்பட்டிருக்கிறது.

ஒரே ஊரில் வேலை, ஒரே பள்ளியில் பிள்ளைகள் என்றிருப்பவர்களுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் வாழ்க்கை ஒத்துவராது. லண்டன் வாடகையிலிருந்து தப்பிக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக இதில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குளிர்கால மழையில், இருட்டில், வேலை முடிந்து வந்து படகை ஆறு மைல் நகர்த்த வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் ரயில் நிலையம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

நிரந்தரக் கட்டுமிடத்திலும் ஒரு பிரிவினை உண்டு. ஓய்வுக்கான மூரிங்கில் குடியிருக்க அனுமதி இல்லை. குடியிருப்பு மூரிங்குக்கு உள்ளாட்சியின் திட்ட அனுமதி தேவை. அதனால் குறைவாகவே கிடைக்கும், விலையும் அதிகம், பெரும்பாலும் கவுன்சில் வரியும் உண்டு. மெரினா (படகுகளை வாடகைக்குக் கட்டிவைக்கும் துறை) அலுவலகத்தில் யாராவது கண்டுகொள்ள மாட்டோம் என்று சொன்னால், அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிர்வாகம் மாறினால் அந்தச் சொல்லும் போய்விடும்.

இன்னொன்று: படகு விற்கும்போது மூரிங் தானாகக் கைமாறாது. விளம்பரத்தில் மூரிங்குடன் என்று போட்டிருந்தால், அந்த இடத்தின் உரிமையாளரிடமிருந்து உங்கள் பெயருக்கு எழுத்தில் வாங்குங்கள். லண்டனில் சில படகுகளின் விலையில் பெரும்பகுதி இந்த இடத்துக்கான விலைதான்.

முகவரியையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். வங்கி, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எல்லாம் முகவரி கேட்கும். விசாவில் இருப்பவர்களுக்கு முகவரி மாற்றத்தை உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு. படகுக்கு வருமுன் கடிதம் பெற்றுத்தர ஒரு உறவினர் வீடோ நண்பர் வீடோ உறுதியாக வேண்டும்.

எத்தனை அடி?

லாக் என்பது நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் படகைக் கடத்தும் கதவடைத்த அறை. 1760-களில் ட்ரெண்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்கு ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்த லாக்குகள் ஏழடி அகலம் கொண்டவை. மத்திய இங்கிலாந்தின் கால்வாய்கள் பலவும் அதையே பின்பற்றின. நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலத்தில் நின்றுபோனது அதனால்தான்.

அகலம் கூடிய வைட்பீம் படகுகள் 10 அடியிலிருந்து 14 அடிவரை இருக்கும். உள்ளே நின்று பார்த்தால் வீடு போல விசாலமாக இருக்கும். ஆனால் ஏழடி லாக் வரும் இடத்தில் பயணம் முடிந்துவிடும். லண்டனிலிருந்து கிராண்ட் யூனியன் வழியாக வடக்கே லெஸ்டர் போக நினைத்தால், நார்தாம்ப்டன்ஷரில் உள்ள வாட்ஃபோர்டிலும் அதற்கப்பால் ஃபாக்ஸ்டனிலும் லாக்குகள் ஏழடிதான். ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல்வரை போகும் கென்னட் அண்ட் ஏவன், அல்லது வடக்கே உள்ள அகலக் கால்வாய்கள் என்று ஒரு வட்டாரத்துக்குள் இருக்கத் தயாரானால் வைட்பீம் வாங்கலாம். உரிமக் கட்டணமும் அகலத்துக்கு ஏற்ப ஏறும்.

நீளத்தில் 57 அடி என்ற எண் அடிக்கடி காதில் விழும். காரணம் இதுதான்: யார்க்‌ஷரில் கால்டர் அண்ட் ஹெபிள் போன்ற வழிகளில் லாக்குகளின் நீளம் ஏறத்தாழ 57 அடிதான். அந்த அளவுக்குள் இருந்தால் நாட்டின் இணைப்பு நீர்வழிகளில் ஏறக்குறைய எங்கும் போகலாம். 70 அடிப் படகு தெற்கிலும் மத்தியிலும் ஓடும், வடக்கில் பல வழிகள் மூடிக்கொள்ளும். படகைத் திருப்புவதற்கென்று அகலப்படுத்திய இடங்களிலும் நீளமான படகு சிரமப்படும். தனியாக வாழ 45 அடி, இருவருக்கு 50 முதல் 57 அடி என்பது சரியான தொடக்கம். மெரினா வாடகையும் தார்ப்பூச்சும் உரிமமும் நீளத்தை வைத்துத்தான். ஒவ்வொரு அடிக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டுவீர்கள்.

பின்தளத்தில் மூன்று வகை உண்டு. டிரெடிஷனல் வகையில் ஓட்டுநர் நிற்க மட்டும் இடம். என்ஜின் கேபினுக்குள் இருக்கும், குளிருக்கு அடக்கம். குரூசர் வகையில் நாலைந்து பேர் நிற்கலாம். என்ஜின் தளத்துக்கு அடியில், மழைநீர் இறங்கும் இடத்தில் இருக்கும். செமி டிரெடிஷனல் இரண்டுக்கும் நடுவில். வார இறுதியில் நண்பர்களோடு போக குரூசர். ஆண்டு முழுவதும் குடியிருக்க மற்ற இரண்டில் ஒன்று.

வாங்குமுன் ஒரு வாரம் வாடகைக்கு

கோடையில் எல்லாப் படகும் அழகு. வாடகைப் படகு நிறுவனங்கள் மார்ச்சிலும் அக்டோபரிலும் குறைந்த விலைக்குத் தருகின்றன, அப்போது எடுங்கள். விருந்தினர் போல இல்லாமல் குடியிருப்பவர் போல வாழ்ந்து பாருங்கள்: தண்ணீர் நிரப்புங்கள், கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யுங்கள், ஈரத் துணியைக் காயவையுங்கள். ஓட்டுவதற்குச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. ஆனாலும் ராயல் யாட்டிங் அசோசியேஷனின் உள்நாட்டு நீர்வழி ஓட்டுநர் பயிற்சியை இப்போதே முடித்துவிடுவது நல்லது.

பணக் கணக்கு

20, 25 ஆண்டு பழைய, நல்ல நிலையில் உள்ள 50 முதல் 57 அடிப் படகுக்கு ஏறத்தாழ 40,000 முதல் 70,000 பவுண்டு வரை கேட்பார்கள். அதே நீளத்தில் புதிதாகக் கட்டச் சொன்னால் எளிதாக ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வீட்டுக் கடன் இதற்குக் கிடையாது. கடல்சார் கடன் தரும் நிறுவனங்கள் சிலவே உள்ளன, வட்டியும் அதிகம். பெரும்பாலோர் கையிருப்பில்தான் வாங்குகிறார்கள்.

கையிருப்பு முழுவதையும் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கு தனியாக நிற்கட்டும். முதல் ஆண்டில் பேட்டரி மாற்றுவது, தண்ணீர் பம்ப் போவது, ஜன்னல் ஒழுகுவது எல்லாம் சேர்ந்தே வரும்.

ஆண்டுச் செலவு என்று பார்த்தால், 57 அடிக்கு உரிமம் ஆயிரம் பவுண்டுக்கு மேல். லண்டனுக்கு வெளியே மெரினா ஏறத்தாழ 2,500 முதல் 4,500 வரை. காப்பீடு சில நூறு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தார் பூச ஆயிரம் பவுண்டு அளவில் ஒதுக்க வேண்டும். எரிவாயு, டீசல், நிலக்கரி தனி. வரி குறைந்த சிவப்பு டீசலை இங்கிலாந்தில் படகுகள் இன்னும் வாங்கலாம். ஓட்டத்துக்குச் செலவாகும் பங்குக்கு மட்டும் முழு வரி. ஓட்டத்துக்கு 60, வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் 40 என்று பங்கு சொல்லி வாங்குவது வழக்கம்.

செலவைக் குறைக்க வெறும் கூட்டை, அதாவது படகின் எஃகு உடலை மட்டும் வாங்கி உள்ளே நாமே கட்டலாமே என்று தோன்றும். முதல் படகுக்கு அது வேண்டாம். ஒரு படகில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது ஒரு குளிர்காலமாவது வாழ்ந்த பிறகுதான் தெரியும்.

நீங்களே பார்க்கும்போது

ஒரு டார்ச், பழைய உடை, கொஞ்சம் காகித டவல். தரகரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லுங்கள்: நான் வரும்வரை என்ஜினை இயக்க வேண்டாம். வந்ததும் என்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத என்ஜினை உங்களுக்காக எழுப்பி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம்.

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது முதலில் கொஞ்சம் வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சுமை கொடுக்கும்போது கரும்புகை என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை, அல்லது புரொப்பெல்லர் பொருந்தவில்லை. கிளப்புமுன்பே எண்ணெய்க் கோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்தது போலிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கிளம்பியபின் இருபது நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நேரோபோட்டுகளில் குளிர்விக்கும் நீர், கூட்டின் பக்கத்தில் பற்றவைத்த தட்டைத் தொட்டி வழியாகக் கால்வாய்க்கு வெப்பத்தை விடும். அந்தத் தொட்டி சிறிதாக இருந்தாலோ உள்ளே காற்று அடைத்திருந்தாலோ, நின்ற இடத்தில் ஒன்றும் தெரியாது. ஆற்றில் எதிர்நீரில் முழு வேகத்தில் போகும்போது வெப்பமானி ஏறும்.

பீட்டா, இசுசு அடிப்படையிலான என்ஜின்களுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். பழைய லிஸ்டரும் நல்லதுதான், சத்தம் அதிகம். ரஸ்ஸல் நியூபெரி, கார்ட்னர் போன்ற பாரம்பரிய என்ஜின்களின் தாளத்தில் மயங்காதவர் குறைவு. ஆனால் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய பதிவேடு இருந்தால் அது பெரிய நம்பிக்கை.

புரொப்பெல்லர் தண்டு கூட்டை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் இருக்கும். ஓடும்போது சில சொட்டு ஒழுகலாம். நின்றபின்னும், கிரீஸ் திருகியை முடுக்கிய பின்னும் ஒழுகினால் அடைப்புக் கயிறு தேய்ந்துவிட்டது. மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் அதைக்கூடச் செய்யாதவர் வேறு எதைச் செய்யாமல் விட்டிருப்பார் என்று யோசிக்க வைக்கும்.

இனி உள்ளே. கேபினின் பின்கோடியில், படியின் அடியில், தரையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறக்கச் சொல்லுங்கள். படகு பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் உள்ளே எங்கே ஒழுகினாலும் தண்ணீர் அங்கேதான் சேரும். காய்ந்த தூசி இருந்தால் நிம்மதி. தண்ணீர் நின்றால் குளியல் தட்டு, குழாய் இணைப்பு, ஜன்னல், முன்கதவு என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அதைவிட முக்கியமாக, அடித்தகடு உள்ளிருந்தும் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். மூடியே இல்லை, தரையைப் பெயர்த்தால்தான் தெரியும் என்றால், விலை பேசும்போது அதையும் கணக்கில் எடுங்கள்.

மூக்கும் இங்கே உதவும். பூஞ்சை வாடை, டீசல் வாடை, கழிவுத்தொட்டி வாடை மூன்றும் தனித்தனியாகத் தெரியும். புதிதாக வாசனைப் பொருள் வைத்திருந்தால் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல்களின் கீழ்மூலையில் மரம் கறுத்திருக்கிறதா, அடுப்புக் குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் துருக்கோடு இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கூரையின் மேல் காளான் வடிவக் காற்றுத் துளைகள் இருக்கும். குளிருக்காக அவற்றை அடைத்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது உயிரைப் பறிக்கும். அடுப்பும் எரிவாயுவும் எரியும் சிறு அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும், மணமும் நிறமும் இல்லாத வாயு அது. 2019 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். படகில் அலாரம் இருக்கிறது என்பதோடு நிற்காமல், பொத்தானை அழுத்திச் சத்தம் கேளுங்கள், காலாவதி ஆண்டைப் படியுங்கள்.

முன்முனையில் எரிவாயு சிலிண்டர் அறை. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கும். அதனால் அந்த அறையின் அடியில் வெளிப்பக்கமாக வடிகால் துளை இருக்கும். துளை அடைத்திருக்கிறதா, தரை துருப்பிடித்துப் பொத்தலாகியிருக்கிறதா என்று சிலிண்டரை நகர்த்திப் பாருங்கள்.

சர்வே: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

பாதுகாப்புச் சான்றிதழ் புதிதாக இருக்கிறதே, பிறகு எதற்கு நிபுணரை வைத்துக் கூட்டைச் சோதிக்கும் சர்வே என்று கேட்பவர்கள் உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை எடுக்கும் போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ், தீ, வெடிப்பு, மாசு ஆகிய அபாயங்களை மட்டுமே பார்க்கிறது. நம் ஊரில் வண்டிக்கு எஃப்.சி. எடுப்பது போல என்று வைத்துக்கொண்டாலும், அதில் அடிச்சட்டத்தையே யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். படகு மிதக்குமா என்பது அந்தச் சோதனையில் இல்லை.

விற்பவர் காட்டும் பழைய சர்வேயையும் நம்பி வாங்கக் கூடாது. அதை எழுதிய சர்வேயருக்கு உங்களோடு ஒப்பந்தம் இல்லை. தவறு இருந்தால் அவரைக் கேட்க முடியாது. தரகர் சொல்லும் சர்வேயரைத் தவிர்த்து, தொழில்முறை அமைப்பில் உறுப்பினரான, காப்பீடு உள்ள ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். செலவு சில நூறிலிருந்து ஆயிரம் பவுண்டுவரை. படகைத் தூக்கவோ உலர்துறைக்குக் கொண்டுபோகவோ தனிக் கட்டணம், அதுவும் வாங்குபவர் தலையில்தான்.

தகட்டுக் கணக்கு இப்படி: கடந்த சில பத்தாண்டுகளின் படகுகளில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, கேபின் 4 என்பது வழக்கம். விளம்பரத்தில் 10/6/4 என்று எழுதுவார்கள். பழைய படகுகள் பலவற்றில் அடித்தகடு 6 மில்லிமீட்டராகவே இருக்கும். சர்வேயர் சுத்தியலால் தட்டியும், மீயொலிக் கருவியை வைத்தும் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் கனம் அளப்பார். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன இடங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. படகுக்கு 25, 30 வயது தாண்டிவிட்டால் முழுக் காப்பீட்டுக்கே புதிய சர்வே கேட்கும் நிறுவனங்கள் பல.

சராசரிக் கனம் நன்றாக இருந்தும் படகு மோசமாக இருக்கலாம். எஃகு ஒரே சீராகத் தேயாமல் குழிக்குழியாக அரிக்கும். அறிக்கையில் சராசரியை விட்டுவிட்டு, மிக ஆழமான குழி எங்கே, எத்தனை, எவ்வளவு என்ற வரியைத் தேடுங்கள். நீர்க்கோட்டில் அரிப்பு அதிகம். காற்றும் நீரும் மாறிமாறிப் படும் இடம் அது. பின்முனையில் புரொப்பெல்லரைச் சுற்றியும் பாருங்கள்.

குழிகள் திடீரென்று வேகம் பிடிக்க ஒரு காரணம், மெரினாவின் கரை மின்சாரம். மின்கம்பியின் தரையிணைப்பு வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகும் மின்வேதியியல் முறையில் ஒன்றாகி, உங்கள் எஃகு கரையத் தொடங்கும். இதைத் தடுக்க கால்வானிக் ஐசொலேட்டர் அல்லது அதைவிட மேலான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய வாரமே போடுங்கள். கூட்டில் பற்றவைத்த ஆனோடுகள் எஃகுக்குப் பதில் தாமே கரைந்து காக்கும். நன்னீருக்கு மெக்னீசியம் ஆனோடு; துத்தநாகம் உப்புநீருக்கு உரியது, கால்வாயில் பயன்படாது.

மெலிந்த இடத்தில் மேலே புதுத் தகடு பற்றவைப்பார்கள். நன்றாகச் செய்தால் பல ஆண்டு தாங்கும். ஆனால் கூடுதல் எடையால் படகு தாழும். சிங்க் வடிகால், புகைக்குழாய், காற்றுத்துளை ஆகியவை தண்ணீருக்கு அருகே வந்துவிடும். நீர்க்கோட்டுக்கு மேல் ஒரு சாணாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைத் தகடு போட்ட படகை விலைக்குறைவு என்று வாங்கினால், விற்கும்போது அதே விலைக்குறைவு உங்களையும் பிடிக்கும்.

தார்ப்பூச்சு சாதாரண பிட்டுமனா, எபாக்ஸியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எபாக்ஸி நீண்டநாள் நிற்கும், ஆனால் வெறும் எஃகுவரை சுரண்டிய பிறகே பூச வேண்டும். பார்க்கப் போனபோது பளபளவென்று புதுத் தார் பூசியிருந்தால் மகிழ வேண்டாம், சர்வேயரிடம் சொல்லுங்கள்.

மின்சாரம், சமையல், கழிப்பறை

நம் சமையலுக்குப் படகின் மின்சாரம் போதுமா? கணக்குப் போட்டே பார்க்கலாம். 110 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு லெட் ஆசிட் பேட்டரிகள் என்றால் மொத்தம் 440. ஆயுள் கெடாமல் பாதியை எடுக்கலாம்: 220. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளில் 40 அளவில் தின்னும். 500 வாட் ரைஸ் குக்கர் அரைமணி ஓடினால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 25. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடத்தில் 6 அளவில்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். ஆகவே தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டர், குறைந்தது 1,500 வாட், 2,000 என்றால் நிம்மதி. மலிவு வகை இன்வெர்ட்டரில் மிக்ஸி மோட்டார் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். குக்கரில் சோறும் குழம்பும் வைப்பதற்கு எரிவாயு அடுப்பே சிறந்தது.

எடுத்ததைத் திரும்ப நிரப்புவதுதான் சிக்கல். கோடையில் சூரியத் தகடு போதும். டிசம்பரில் அது ஏறக்குறைய ஒன்றும் தராது. அப்போது தினமும் சில மணி நேரம் என்ஜின் ஓட வேண்டும். பிறர் அருகில் கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை என்ஜின் ஓட்டக் கூடாது என்பது விதி. லித்தியம் பேட்டரிகள் வேகமாக ஏறும், பாதிக்கு மேலும் எடுக்கலாம். ஆனால் என்ஜினில் மின்சாரம் தரும் சாதாரண ஆல்டர்னேட்டரை நேராக இணைத்தால் அது எரிந்துபோகலாம். இடையில் சார்ஜர் வேண்டும், காப்பீட்டாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இட்லிப் பானையின் ஆவி எஃகுச் சுவரில் பட்டுத் தண்ணீராகும். மூடி போட்டுச் சமைத்து, துளைகளைத் திறந்துவைத்து, அடுப்பை அணையாமல் காத்தால் பூஞ்சை வராது. கடுங்குளிரில் 25 கிலோ புகையில்லா நிலக்கரி மூட்டை மூன்று நாளைத் தாண்டுவது அரிது.

கழிப்பறையில், கையால் தூக்கிக் காலிசெய்யும் கேசட் வகையையே முதல் படகுக்குச் சொல்வோம். ஏறத்தாழ 20 லிட்டர், இருவருக்கு மூன்று நாள். உபரி கேசட் ஒன்று வைத்திருந்தால் கால்வாய் உறைந்தாலும் கவலையில்லை. பெரிய தொட்டி வகையைக் காலிசெய்யப் பம்ப் உள்ள இடத்துக்குப் படகையே கொண்டுபோக வேண்டும். உலர் கழிப்பறை வகையின் கழிவை டிரஸ்டின் குப்பைத் தொட்டிகளில் போட இப்போது அனுமதி இல்லை. உரமாக்க உங்களுக்குச் சொந்த இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கைமாற்றம்

படகுக்கு நிலப்பத்திரம் போன்ற கட்டாயப் பதிவேடு இல்லை. படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் டிரஸ்ட் எண் உரிமத்துக்கான எண். அது உடைமைக்குச் சான்றாகாது. அதனால் வரிசை தவறாமல் செய்யுங்கள்.

1. விலை பேசியபின், சர்வேக்கு உட்பட்டது என்று எழுதிய ஒப்பந்தத்தோடு முன்பணம் கொடுங்கள். பத்து சதவீதம் வழக்கம். எந்த நிலையில் முன்பணம் திரும்ப வரும் என்ற வரியைப் படித்த பிறகே கையெழுத்து.
2. சர்வே நடக்கும் நாளில் நேரில் நில்லுங்கள். அறிக்கையில் வராத பலவற்றைச் சர்வேயர் வாயால் சொல்வார்.
3. குறைகளுக்குப் பழுதுச் செலவின் மதிப்பீடு வாங்கி, மறுபடி விலை பேசுங்கள். கூடு மோசம் என்றால் சர்வேச் செலவை விட்டுவிட்டு விலகுங்கள். அந்தப் பணம் வீணாகவில்லை.
4. முந்தைய விற்பனைச் சீட்டுகளை மூலமாகப் பாருங்கள். படகின்மேல் கடன் இல்லை என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். 1998 ஜூனுக்குப் பிறகு கட்டிய படகில் தயாரிப்பு எண்ணும், விதிப்படி கட்டியதைக் காட்டும் இணக்க ஆவணமும் இருக்க வேண்டும்.
5. காப்பீடு தொடங்கிய பிறகே மீதிப் பணம். கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு, சாவிகள், கையேடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வரட்டும்.
6. பழைய உரிமம் உங்களுக்கு மாறாது. அன்றே உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள்.

தரகர் பெரும்பாலும் விற்பவரின் முகவர் என்பதை மறக்க வேண்டாம். பார்க்காத படகுக்கு, விலை மலிவு என்பதற்காக, முன்பணம் அனுப்பாதீர்கள். இந்தச் சந்தையில் அந்த மோசடி நடந்துகொண்டே இருக்கிறது.

படகைக் கொண்டுபோகும் நாள்

கிளம்புமுன் டிரஸ்டின் தளத்தில் வழித்தடங்கலைப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச்வரை லாக் பழுதுபார்ப்புக்காகப் பல வழிகள் மூடியிருக்கும். படகில் இருக்க வேண்டியவை: லாக் திறக்கும் விண்ட்லஸ் கைப்பிடி இரண்டு (ஒன்று எப்படியும் தண்ணீரில் விழும்), தண்ணீர்க் குழாய் இடங்களுக்கான டிரஸ்ட் சாவி, கரையில் அடிக்கும் முளைகள், சுத்தியல், நீளக் கழி, பலகை, முன்னும் பின்னும் நடுவிலும் கயிறு, ஆளுக்கொரு மிதவை ஆடை.

வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் கூடாது. கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதில் பாதி. வலப்பக்கம் ஒதுங்கி எதிர்ப்படகுக்கு வழி விடுவது முறை.

படகுகள் மூழ்குவதற்குப் புதியவர் கையில் இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். லாக்கில் இறங்கும்போது மேல்கதவுக்கு அருகே தண்ணீருக்கடியில் ஒரு கல்மேடை இருக்கும். அதன் எல்லையைச் சுவரில் வெள்ளைக்கோடு காட்டும். படகின் பின்முனை அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றால், நீர் இறங்க இறங்கப் பின்பகுதி மேடையில் தொங்கி, முன்பகுதி கீழே போய், நிமிடங்களில் மூழ்கிவிடும். தொங்கத் தொடங்கியது தெரிந்தால் உடனே கீழ்மடைகளை மூடி, பிறகு மேல்மடையை மெல்லத் திறந்து நீரை ஏற்ற வேண்டும். இரண்டாவது, புரொப்பெல்லரில் சிக்கும் பை, கயிறு, துணியை எடுக்கப் பின்தளத்தில் உள்ள மூடி. என்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் கையை விட வேண்டும். மூடியை முழுதாக இறுக்காமல் கிளம்பினால் புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் நேராக என்ஜின் அறைக்குள் வரும்.

முதல் நாள் ஐந்தாறு மைலும் சில லாக்குகளும் போதும். டிவைசஸ் ஊரின் கேன் ஹில்லில் உள்ள 29 லாக்குகள் எங்கும் போய்விடாது. ரிவர் கெனால் ரெஸ்க்யூ போன்ற பழுதுதவிச் சேவையில் முதல் ஆண்டாவது சேர்ந்திருங்கள். நின்றதும் கிரீஸ் திருகியை ஒரு சுற்று முடுக்கி, என்ஜின் அறையின் அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். குளிர்காலத்தில் படகைவிட்டு ஊருக்குப் போவதானால், தண்ணீர் பம்பை நிறுத்தி, குழாய்களைத் திறந்துவிட்டு, கொதிகலன்வரை வடித்துவிட்டுப் போங்கள். ஒரே இரவு உறைபனியில் குழாய் இணைப்புகள் பிளந்துவிடும்.